முன்பெருக்கியும் பெருக்கியும்: ஜோடி பொருந்த வேண்டும்



தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் மைக் செட் கட்டுகிறவரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பந்தல் மூலையில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு கறுப்புப் பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு வயர் மைக்குக்குப் போகும்; இன்னொரு வயர் தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிக்குப் போகும். பெட்டியின் பின்புறம் நாலைந்து துளைகள் இருக்கும். மைக்குக்கு ஒரு துளை. பாட்டுப் பெட்டிக்கு வேறொரு துளை. அவசரத்தில் பாட்டுப் பெட்டியின் வயரை மைக் துளையில் சொருகிவிட்டால் என்ன ஆகும்? பாட்டு கிழிந்து, காது கூசும்படி அலறும். கூட்டத்தில் யாராவது ஒருவர், "அடேய், செட்டு கெட்டுப் போச்சு!" என்பார். செட்டு கெடவில்லை. சேரக் கூடாத இரண்டைச் சேர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

வீட்டில் பாட்டுக் கேட்க வாங்கும் விலையுயர்ந்த செட்டுகளிலும் இதே தவறு நடக்கிறது. அங்கே அலறல் கேட்காது. ஆகவே தவறு நடந்திருப்பதே தெரியாமல், பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

முதலில் இரண்டு பெயர்களைத் தெரிந்துகொள்வோம். இசைத்தட்டின் ஊசி தரும் மின்சாரம் மிகச் சிறியது. சாதாரண வகை ஊசிகளில் சுமார் 5 மில்லிவோல்ட். அதாவது ஒரு வோல்ட்டை இருநூறாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு. ஒலிபெருக்கியை நல்ல பலத்தோடு, 100 வாட் அளவுக்கு முழங்கச் செய்ய வேண்டுமானால் சுமார் 28 வோல்ட் தேவை. 5 மில்லிவோல்ட் எங்கே, 28 வோல்ட் எங்கே! 5,000 மடங்குக்கும் மேல் பெருக்கியாக வேண்டும். இதை ஒரே மூச்சில் செய்யாமல் இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். சிறிய மின்சாரத்தைத் திருத்தி, ஏறக்குறைய ஒரு வோல்ட் அளவுக்குக் கொண்டுவருவது முன்பெருக்கி. இசைத்தட்டா, நாடாவா, ரேடியோவா என்று தேர்ந்தெடுக்கும் திருகும், வால்யூம் குமிழும் இதில்தான் இருக்கும். அந்த ஒரு வோல்ட்டை வாங்கி, ஒலிபெருக்கியைத் தள்ளும் பலத்தைக் கொடுப்பது பெருக்கி, அதாவது பவர் ஆம்ப்ளிஃபையர்.

நம் வீட்டு ரேடியோவில் இந்த இருவரும் ஒரே கூட்டுக்குள் இருக்கிறார்கள். இருவரையும் பொருத்தும் வேலையைத் தயாரித்த கம்பெனியே செய்துவிடுகிறது. உயர்ந்த ரகச் செட்டுகளில் முன்பெருக்கி ஒரு பெட்டி, பெருக்கி இன்னொரு பெட்டி. தனித்தனியாக வாங்கலாம், ஒன்றை மட்டும் மாற்றலாம். அந்தச் சுதந்திரத்தோடு பொருத்தும் பொறுப்பும் நம் தலையில் வந்து விழுகிறது.

இது எப்படிச் சிக்கலாகிறது என்பதை நாங்கள் கண்ட இடம் சிங்கப்பூரின் மேற்கில் உள்ள பூன் லே. சியூ பூன் லே என்ற சீன வணிகரின் பெயரைத் தாங்கிய ஊர் அது. 1852இல் பிறந்து 1933இல் மறைந்த அவருக்கு அந்த வட்டாரத்தில் தோட்டம் இருந்தது. ரப்பர் மரங்கள் நின்ற மண் அது. 1961இல் ஜூரோங் தொழிற்பேட்டை வேலைகள் தொடங்கின. 1990இல் பூன் லேக்கு எம்.ஆர்.டி. ரயில் வந்தது. மரங்கள் நின்ற இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. அப்படி ஒரு வீவக வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஜொகூரில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். இளம் வயதில் எல்லை தாண்டி வந்து, ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்றவர்.

அவரிடம் ஒரு கேசட் இருக்கிறது. அவருடைய தகப்பனார் தோட்டத்துத் திருவிழாவில் உறுமி வாசித்தபோது யாரோ பதிவு செய்தது. தகப்பனார் போய்விட்டார். தோட்டமும் கை மாறி வீட்டுமனைகளாகிவிட்டது. மிஞ்சியிருப்பது அந்த நாடா ஒன்றுதான். அதை நல்லபடியாகக் கேட்க வேண்டும் என்றுதான் பெரியவர் செட்டே வாங்கினார். பழைய வால்வு முன்பெருக்கி ஒன்று நல்ல நிலையில் கிடைத்தது. பிறகு வேறொரு இடத்தில் 100 வாட் டிரான்சிஸ்டர் பெருக்கி ஒன்று வாங்கினார். இரண்டும் நல்ல பொருள்கள். தனித்தனியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது.

நாடாவை ஓடவிட்டார். தாளம் தெளிவாகக் கேட்டது. கூட்டத்தின் குலவையும் கேட்டது. உறுமியின் உறுமலை மட்டும் காணோம். வளைந்த குச்சியைத் தோலில் தேய்க்கும்போது அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் ஒரு முனகல் வருமே, அது இல்லை. தகர டப்பாவைத் தட்டுவது போல இருந்தது. ஒரு கடைக்காரர், "ஒலிபெருக்கி சிறியது ஐயா, பெரியதாக மாற்றுங்கள்" என்று சொல்லி ஒரு விலையும் சொன்னார். அது சில ஆயிரம் வெள்ளி. ஜொகூரில் இருக்கும் தங்கை வீட்டுக் கூரையை மாற்றித் தருவதாகப் பெரியவர் ஒதுக்கி வைத்திருந்த பணமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அந்தத் தங்கையின் மகன், தோட்டங்களில் மைக் செட் கட்டுகிற பையன், விடுமுறைக்கு வந்திருந்தான். நாடாவைக் கேட்டான். பெட்டிகளின் பின்புறத்தைப் பார்த்தான்.

"மாமா, ஒலிபெருக்கி மேல பழி போடாதீங்க. நீங்க வெறும் ரேடியோ கேக்கும்போதும் கனம் இல்ல. அந்தப் பழைய செட்டுல இதே ஒலிபெருக்கி நல்லா முழங்குச்சே?"

"முழங்குச்சுதான் மருமவனே."

"அப்போ குத்தம் நடுவுல இருக்கு."

'நடுவில்' என்று அவன் சொன்னது முன்பெருக்கியும் பெருக்கியும் சந்திக்கும் இடத்தை. அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

லயத்துத் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டில் தொட்டி இருக்கிறது. அங்கிருந்து ஒரு குழாய் இறங்கி வருகிறது. நாம் பைப்பைச் சிறிதளவு திறந்தால் தண்ணீர் நல்ல வேகத்தோடு பீய்ச்சும். பெரிதாகத் திறந்துவிட்டால்? இறங்கி வரும் குழாய் அகலமாக இருந்தால் பரவாயில்லை. குறுகலாக இருந்தால் வேகம் விழுந்துவிடும். தொட்டியில் தண்ணீர் குறைந்ததால் அல்ல. குறுகிய குழாய் கொடுக்கக்கூடியதைவிட அதிகமாக நாம் இழுப்பதால்.

முன்பெருக்கி அந்தக் குழாய். அது எவ்வளவு குறுகல் என்பதைச் சொல்லும் எண்ணுக்கு அவுட்புட் இம்பீடன்ஸ் என்று பெயர். எண் பெரிதானால் குழாய் குறுகல். பெருக்கி நாம் திறக்கும் பைப். அது எவ்வளவு இழுக்கும் என்பதைச் சொல்வது இன்புட் இம்பீடன்ஸ். இங்கே எண் பெரிதானால் இழுப்பு குறைவு; எண் சிறிதானால் இழுப்பு அதிகம். இரண்டையும் ஓம் என்ற அளவில் சொல்வார்கள். பெட்டியோடு வரும் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். பெருக்கியின் எண் முன்பெருக்கியின் எண்ணைப்போல் குறைந்தது பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு. இருபது, ஐம்பது மடங்கு என்றால் இன்னும் நல்லது.

பெரியவருடைய வால்வு முன்பெருக்கியின் எண் 1,000 ஓம். டிரான்சிஸ்டர் பெருக்கியின் எண் 10,000 ஓம். சரியாகப் பத்து மடங்கு! கணக்கு பொருந்துகிறது. பிறகு ஏன் உறுமி முனகவில்லை?

கையேட்டில் அச்சாகும் எண் பெரும்பாலும் நடுத்தர ஒலிக்கான எண். பாடகரின் குரல் இருக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளலாம். கனத்த ஒலிகளுக்கு அதே எண் இருக்கும் என்பது நிச்சயம் இல்லை. வால்வுகளுக்குள் 200, 300 வோல்ட் நேர்மின்சாரம் ஓடுகிறது. அது அடுத்த பெட்டிக்குள் பாய்ந்துவிடாமல் தடுக்க, முன்பெருக்கியின் வாசலில் ஒரு கண்டென்சரை வைத்திருப்பார்கள். தோட்டத்து ஸ்டோரில் பாலை ஊற்றும்போது வடிகட்டும் சல்லடையைப் பார்த்திருப்பீர்கள். பால் இறங்கும், கட்டி நின்றுவிடும். இந்தக் கண்டென்சரும் அப்படித்தான். அசையாத நேர்மின்சாரத்தை முழுக்க நிறுத்திவிடும். ஒலியோடு அதிரும் மின்சாரத்தை விட்டுவிடும். ஆனால் எல்லா அதிர்வையும் ஒரே மாதிரி விடாது. வேகமாக அதிரும் மெல்லிய ஒலிகளுக்குத் தாராளமாக வழிவிடும். மெதுவாக அதிரும் கனத்த ஒலிகளுக்கு வழி குறுகிக்கொண்டே போகும்.

பெரியவருடைய பெட்டியில் இருந்தது 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர். விநாடிக்கு 50 தடவை அதிரும் கனத்த ஒலிக்கு அது காட்டும் எதிர்ப்பு சுமார் 32,000 ஓம். அதாவது குரலுக்கு 1,000 ஓம் என்று இருந்த குழாய், கனத்த ஒலிக்கு 30,000 ஓமுக்கும் மேல் என்று குறுகிவிடுகிறது. எதிரே 10,000 ஓம் பெருக்கி இழுக்கிறது. பத்து மடங்கு கணக்கு அங்கே தலைகீழாகிவிட்டது. சுமார் 160 அதிர்வுக்குக் கீழே ஒலி சரியத் தொடங்கி, 80 அதிர்வுக்கு வரும்போது பாதிக்கும் குறைவாகிவிடும். உறுமியின் முனகல், தவிலின் தொப்பி, மிருதங்கத்தின் இடப்பக்கம் எல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் விழுகின்றன.

முன்பெருக்கியைச் செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் அதை அந்தக் காலத்து வால்வு பெருக்கிகளுக்காகச் செய்தார்கள். அவற்றில் பலவற்றின் எண் சில லட்சம் ஓம். இழுப்பே இல்லை என்று சொல்லலாம். அவற்றோடு சேர்த்தால் 0.1 கண்டென்சர் 5 அதிர்வு வரைகூட தாராளமாக விடும். பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. பெருக்கிகளின் எண் 10,000, 20,000, 47,000 என்று இறங்கியது. பழைய மாப்பிள்ளைக்குப் புதுப் பெண் பார்த்த கதை இது. இருவருமே நல்லவர்கள், பழக்கம் வேறு.

பையன் என்ன செய்தான் தெரியுமா? பணம் எதுவும் செலவழிக்கவில்லை. மாமாவின் நண்பர் ஒருவரிடமிருந்து 100,000 ஓம் எண் கொண்ட ஒரு பழைய பெருக்கியை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி வந்தான். அதே முன்பெருக்கி, அதே ஒலிபெருக்கி, அதே நாடா. உறுமி முனகியது. மாமா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

நோய் தெரிந்துவிட்டது. மருந்து இரண்டு விதம். ஒன்று, எண் அதிகமுள்ள பெருக்கியாக மாற்றுவது. இன்னொன்று, முன்பெருக்கியின் கண்டென்சரைப் பெரியதாக்குவது. 0.1 இருந்த இடத்தில் 2.2 மைக்ரோஃபாரட் வைத்தால், 10,000 ஓம் பெருக்கியோடும் 7 அதிர்வு வரை இறங்கும்; போதுமானதற்கும் மேல். அந்தக் கண்டென்சர் 400 வோல்ட்டுக்குக் குறையாமல் தாங்க வேண்டும். ஒரு காதுக்கு ஒன்று என்று இரண்டு வேண்டும். தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவர் இருக்கிறது. இத்தகைய உதிரிப் பொருள்களுக்குப் பல ஆண்டுகளாகப் பெயர் பெற்ற கட்டடம். மாமாவும் மருமகனும் அங்கே போய் வாங்கினார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். வால்வு செட்டின் மூடியை நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சர்களில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். தோட்டத்தில் எத்தனையோ மைக் செட்டைப் பிரித்து மாட்டிய அந்தப் பையனும் இந்த வேலையை விவரம் தெரிந்த ஒரு ரிப்பேர்காரரிடம்தான் கொடுத்தான். கூலியும் பொருளும் சேர்ந்து, புது ஒலிபெருக்கி விலையில் ஒரு சிறு மூலைகூட இல்லை.

கதை இதோடு முடிந்திருக்கலாம். மறுநாள் பெரியவர் ஒரு சி.டி. பிளேயரையும் இதே செட்டில் இணைத்தார். வால்யூம் குமிழை ஒரு மயிரிழை திருப்பினால் வீடே அதிர்ந்தது; அதற்குச் சற்றுக் கீழே வைத்தால் இடது பக்கம் மட்டும் கேட்டது, வலது பக்கம் ஊமை. இது இன்னொரு வகைப் பொருத்தக் குறை; வோல்ட்டேஜ் அளவைச் சேர்ந்தது.

பழைய முன்பெருக்கிகளில் ரேடியோ, நாடா வகைத் துளைகள் ஒரு வோல்ட்டின் பத்தில் ஒரு பங்கு, அரை வோல்ட் என்ற அளவை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. 1982இல் வெளிவந்த சி.டி. பிளேயர்கள் முழு ஒலியில் 2 வோல்ட் தருகின்றன. அந்த 2 வோல்ட்டை இன்னும் பத்து மடங்கு பெருக்கக்கூடிய முன்பெருக்கிக்குள் விட்டால் 20 வோல்ட் ஆகும். பெருக்கிக்கோ ஒரு வோல்ட்டே போதும்! ஆகவே குமிழை எப்போதும் அடியிலேயே வைத்திருக்க வேண்டியதாகிறது. குமிழின் அடிப்பகுதியில் இரண்டு பக்கமும் சமமாக வேலை செய்வது அபூர்வம். வால்யூம் குமிழுக்கு முன்னாலேயே ஒரு வால்வு இருந்துவிட்டால், அது அதற்குள் திணறிக் குரலைக் கிழித்துவிடும். பிறகு குமிழை எவ்வளவு குறைத்தாலும் கிழிந்தது ஒட்டாது. மைக் துளையில் பாட்டுப் பெட்டியைச் சொருகிய கதைதான் இதுவும்.

இந்த விஷயத்தில் ஓர் ஆங்கிலக் கம்பெனியின் வரலாறு சுவையானது. 1936இல் பீட்டர் வாக்கர் என்பவர் தொடங்கியது. பின்னாளில் ஹன்டிங்டன் என்ற ஊரில் நடந்தது. குவாட் என்ற பெயர் உலகமெங்கும் தெரிந்தது. ஆனால் அவர்களும் முதலில் செய்தது நம்மவர் மைக் செட் போன்ற பொதுக்கூட்டப் பெருக்கிகளைத்தான்! 1953இல் அவர்கள் வெளியிட்ட குவாட் 2 என்ற வால்வு பெருக்கி 15 வாட் தரும்; அதற்கு முன்பெருக்கியிலிருந்து 1.4 வோல்ட் வேண்டும். 1967இல் 303 என்ற டிரான்சிஸ்டர் பெருக்கியைக் கொண்டுவந்தார்கள். அதற்கு 0.5 வோல்ட் போதும். அதற்கென்றே 33 என்ற முன்பெருக்கியையும் செய்தார்கள். 1975இல் 405 வந்தபோது பலம் 100 வாட்டாக உயர்ந்தது. ஆனால் கேட்கும் வோல்ட்டேஜை அதே 0.5இல் வைத்துக்கொண்டார்கள். 33 வைத்திருந்தவர் பெருக்கியை மட்டும் மாற்றினால் போதும் என்று ஆகியது. இப்போது ஒருவர் 0.5 வோல்ட் மட்டும் தரும் முன்பெருக்கியை 1.4 வோல்ட் கேட்கும் பழைய வால்வு பெருக்கியோடு சேர்த்தால் என்ன ஆகும்? வோல்ட்டேஜ் பாதியானால் பலம் நாலில் ஒன்றாகும் என்பது விதி. கணக்குப் போட்டால் 15 வாட்டுக்குப் பதிலாக 2 வாட்கூட முழுதாக வராது. ஒரே கம்பெனிப் பொருள்களுக்குள்ளேயே இப்படி என்றால், நாலு கடையில் நாலு பெயர் வாங்குகிறவர் எவ்வளவு பார்த்து வாங்க வேண்டும்!

ஆகவே கடையில் கேட்க வேண்டிய இன்னொரு எண், இன்புட் சென்சிட்டிவிட்டி. முழு பலத்துக்குப் பெருக்கி எத்தனை வோல்ட் கேட்கிறது என்பதே அது. அதை முன்பெருக்கி எளிதாகத் தரவேண்டும். இருபது மடங்கு அதிகமாகவும் தரக் கூடாது. அதிகமாகிவிட்டால் கைவசம் மருந்து உண்டு. வயரின் நடுவே மாட்டும் சிறிய குறைப்பான்கள் கிடைக்கின்றன. 10 டெசிபல் குறைப்பான் வோல்ட்டேஜை மூன்றில் ஒரு பங்காக்கும். 2 வோல்ட் 0.6 வோல்ட் ஆகிவிடும். உள்ளே இருப்பது சில ரெசிஸ்டர்கள்தான். பெரியவர் வீட்டில் சி.டி. பிளேயருக்கும் முன்பெருக்கிக்கும் நடுவே அதைத்தான் மாட்டினார்கள். குமிழ் இப்போது பாதி வரை தாராளமாகத் திரும்புகிறது.

வாட் கணக்கைப் பற்றிப் பலருக்கும் மயக்கம் உண்டு. அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் நாம் சாதாரணமாகக் கேட்கும் ஒலிக்கு ஒன்றிரண்டு வாட் போதும். மீதி, மேளம் திடீரென்று முழங்கும் ஒரு கணத்துக்கான இருப்பு. பெரிய வாட் எண்ணுக்காகக் கொடுக்கும் பணத்தில் பாதியைப் பொருத்தம் பார்ப்பதற்குச் செலவிட்டால், அந்த ஒன்றிரண்டு வாட்டும் சுத்தமாக வரும் என்பது எங்கள் அபிப்பிராயம். அடெல்ஃபி கட்டடத்துக் கண்ணாடிக் கடைகளின் வாசலில் நின்று மலைத்திருக்கிறோம். அங்கே பார்த்த பெட்டி ஒன்றின் விலை, தோட்டத்து வீட்டுக்குச் சுவரோடு கூரையும் போட்டுவிடும்.

கடைசியாக, 'ம்ம்' என்ற இரைச்சல். இரண்டு பெட்டிகளைச் சேர்த்ததும், பாட்டு ஓடாதபோதே ஒலிபெருக்கியில் ஒரு ரீங்காரம் கேட்கலாம். 50 அதிர்வு மின்சாரம் எர்த் வயர்களின் வழியாக ஒரு வட்டம் சுற்றி வருவதால் பல நேரங்களில் இது ஏற்படுகிறது. இரண்டு பெட்டிகளையும் சுவரில் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுக்கும்படி இணைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள வயரைச் சிறியதாக்குங்கள். மின்சார வயரோடு ஒட்டிப் படுக்காமல் தள்ளி வையுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும். சிலர் பிளக்கைத் திறந்து எர்த் வயரையே வெட்டிவிடுகிறார்கள். ரீங்காரம் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் என்றாவது ஒரு நாள் உள்ளே வயர் தேய்ந்து தகரப் பெட்டியைத் தொட்டால், 230 வோல்ட் அந்தப் பெட்டியின்மேல் காத்துக்கொண்டிருக்கும். தொடப் போவது பேரப்பிள்ளையாகக்கூட இருக்கலாம். எர்த் வயரை வெட்டவே வெட்டாதீர்கள்.

பூன் லேப் பெரியவர் இப்போது ஒரு முறை வைத்திருக்கிறார். முதலில் முன்பெருக்கியைப் போடுகிறார். வால்வுகள் சூடாகட்டும் என்று ஒரு நிமிடம் பொறுக்கிறார். புதுக் கண்டென்சர்கள் பெரியவை, நிரம்பும்போது 'டும்' என்று ஒரு தள்ளு தள்ளும். பிறகுதான் பெருக்கியைப் போடுகிறார். நிறுத்தும்போது பெருக்கி முதலில், முன்பெருக்கி பிறகு. இரவு பத்தரைக்குமேல் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கூடாது என்பதால் அதற்குள் முடித்துக்கொள்கிறார். தங்கை வீட்டுக்குப் புதுக் கூரை போட்டாகிவிட்டது. அதைப் பார்க்கப் போனபோது நாடாவின் நகல் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனார். மருமகன் அதை அடுத்த திருவிழாவில் கோயில் மைக் செட்டில் போட்டான், சரியான துளையில்.